தவறான பயனர்களும் நானும்

கைப்பேசித் திரையில் வருகிற வாசகங்களை எழுதுவது என் தொழில். அதனால் சாப்பிட உட்கார்ந்தால் எனக்குப் புரையேறாத நாளே கிடையாது.

‘மன்னிக்கவும், ஏதோ தவறு நேர்ந்துவிட்டது’ என்று உங்கள் திரையில் வந்தபோது, ‘எந்தப் புண்ணியவான்யா இதை எழுதினது?’ என்று பல்லைக் கடித்திருப்பீர்கள். புண்ணியவான் இல்லை, புண்ணியவதி. என்னை மாதிரி யாராவது ஒருத்தி. அதற்காக என்னை எதிர்க்கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். ரயில் டிக்கெட் எடுக்கப் போய், கேஸ் சிலிண்டர் பதியப் போய், பாஸ்வேர்டை மறந்து, மறந்துவிட்டதைச் சொல்வதற்கே இன்னொரு பாஸ்வேர்ட் கேட்கப்பட்டு நீங்கள் நொந்ததெல்லாம் நானும் நொந்ததுதான். டாக்டருக்கும் ஜுரம் வரும் அல்லவா?

சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. வீடு பொன்னேரியில். பழவேற்காட்டில் ஒரு மீனவர் சங்கத்துக்கு ஆப் செய்து தரும் வேலை வந்தபோது, ‘உனக்குத்தான் பக்கம்’ என்று முதலாளி என்னை பஸ் ஏற்றிவிட்டார். கடலுக்குக் கிளம்பும் படகுக்காரர் ஒரு பட்டனை அமுக்குவார், கரைக்கு வந்ததும் இன்னொன்றை அமுக்குவார். காற்று, அலை எச்சரிக்கை அதில் வரும். ஏரியில் இறால், நண்டு பிடிக்கிற பெண்களுக்கு அன்றைய விலை தெரியும். நிரல் எழுதுவது செபாஸ்டின், சென்னை ஆபீஸை விட்டு நகராத பிறவி. வாசகங்கள் எழுதுவதும், அவற்றை மனிதர்கள் கையில் கொடுத்துப் பார்ப்பதும், வாங்கிக் கட்டிக்கொள்வதும் நான்.

யார் வீட்டுக்குள்ளே?

முதலில் மாட்டியவர் எல்லம்மா அக்கா. ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, பறிக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர். எழுத்துக்கூட்டி நன்றாகவே வாசிப்பார். சங்க ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, கைப்பேசியை நீட்டினேன். திரையில் நீலப் பட்டன். அதில் ‘உள்நுழைக’. அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, விரலை மடக்கிக்கொண்டார்.

“இன்னாக்கா, அமுக்குங்க.”

“உள்ள நுழையச் சொல்லுதே. யாரு வூட்டுக்குள்ள?”

“உங்க கணக்குக்குள்ளதான்.”

“எங்கணக்குன்னா நான் எதுக்கு நுழையணும்? நாயும் பூனையும்தான் நுழையும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே பட்டனை அமுக்காமல் உட்கார்ந்திருந்தார். இதற்கு முன்னால் பல ஆப்களில் ஆயிரக்கணக்கானோர் அந்த வார்த்தையை முணுமுணுக்காமல் அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவரும் அதை ஒரு வார்த்தையாக மதித்துப் படிக்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அங்கேயே செபாஸ்டினுக்குப் போன் போட்டு மாற்றச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் முனகிவிட்டு மாற்றினான். பட்டனில் இப்போது ‘வாங்க’ என்று இருந்தது. எல்லம்மா அக்கா படித்தார், முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு அமுக்கினார்.

“இப்பதான் மரியாதையா கூப்புடுது.”

பெரிய எழுத்து

தேசப்பன் அண்ணனிடம் ஃபைபர் படகு இருக்கிறது, கடல் தொழில். எதையும் ஒரு கை பார்த்துவிடுவது என்ற தோரணையில்தான் உட்காருவார். ‘கடவுச்சொல்’ என்று திரையில் வந்தது. ‘கடவுள் சொல்லா? சர்தான்’ என்று தன் குலதெய்வத்தின் பெயரைப் பயபக்தியோடு தமிழில் அடித்தார். பக்கத்தில் சங்க எழுத்தர் மஸ்தான் பாய். தன்னுடைய கைப்பேசியோடு என்னிடம் மெதுவாகக் குனிந்து, ‘நான் எங்க சைடு பேரைப் போட்டா இது ஒத்துக்குமா மேடம்?’ என்றார். எல்லார் பெயரையும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லி முடிப்பதற்குள் அண்ணனின் திரை சிவந்தது. ‘கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்தும் ஒரு சிறப்புக் குறியீடும் இருக்க வேண்டும்.’

ஆங்கிலத்துக்கென்று யாரோ வைத்த விதி. அதை அப்படியே தமிழாக்கி யாரோ ஒட்டியிருந்தார்கள். தேசப்பன் அண்ணன் இரண்டு விரலால் திரையை விரித்து எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சிவப்பு போகவில்லை. தமிழில் இருப்பதிலேயே பெரிய எழுத்து எது என்று இருவரும் கலந்து பேசினார்கள். ‘ஔ’ என்று பாய் தீர்ப்புச் சொன்னார். அதையும் போட்டார்கள். ம்ஹூம். ‘சிறப்புன்னா, கோயில்ல சிறப்பு தரிசனம்னு தனி வரிசை விடறானே, அதா?’ என்று அண்ணன் கேட்டபோது நான் கையெடுத்துக் கும்பிட்டு, அந்த விதியையே தூக்கிவிடுவதாக ஒப்புக்கொண்டேன். கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது, குழந்தைக்குச் சொல்வது போல எனக்கு எடுத்துச் சொன்னார்.

“நம்ம எழுத்துல பெரியவன் சின்னவன்லாம் கெடையாது மேடம். எல்லாம் ஒரே சைசு.”

நடத்தை

ஒரு நாள் சங்க ஆபீஸ் வாசலில் எல்லம்மா அக்கா புயல் மாதிரி வந்து நின்றார். பின்னாலேயே நாத்தனார் ஜெயா, சமாதானப்படுத்திக்கொண்டே. இருவரும் எப்போதும் சேர்ந்தே ஏரிக்குப் போகிறவர்கள். நடந்தது இதுதான். மீன் ஏலம் நடக்கிற இடத்தில் விலை பார்க்கலாம் என்று அக்கா கைப்பேசியைத் திறந்திருக்கிறார். உள்ளே போகப் போட்ட கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் மாறிப் போயிற்று. திரையில் கொட்டை எழுத்தில், ரத்தச் சிவப்பில், ‘தவறான பயனர்’. கண் சரியாகத் தெரியவில்லை என்று ஜெயாவிடம் கொடுக்க, அவர் அத்தனை பேர் நடுவில் கணீரென்று வாசித்துவிட்டார்.

“தவறானன்னா இன்னா? நான் யாரு கிட்ட இன்னா தவறா நடந்துக்கினேன்? அங்க நின்ன பொம்பளைங்கள்லாம் வாயப் பொத்திக்கினு சிரிக்கிறாளுங்க!”

எண் தவறு என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது என்றேன். ‘அப்ப எண்ணத் திட்டு, என்ன எதுக்குத் திட்டுது?’ என்றார். நியாயம். இந்த ‘தவறான பயனர்’ இல்லாத ஆப் நாட்டிலேயே கிடையாது; படித்த நாமெல்லாம் தினம் ஒரு தடவை அந்தப் பட்டம் வாங்கிக்கொண்டு, சூடு சொரணை இல்லாமல் அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அவர் எதிரிலேயே எழுதினேன்: ‘இந்த எண் எங்களிடம் இல்லை. ஒரு தடவை சரிபார்த்துப் போடுங்க.’ சிவப்பையும் எடுத்துவிடச் சொன்னேன். ஜெயா வாசிக்க, அக்கா கண்ணை மூடிக் கேட்டார்.

“இது சரி. எண்ணு இல்லன்னு சொல்லு, ஒத்துக்கறேன். எம்மேல பழி போடாத.”

கெட்டுப்போன நம்பர்

தேசப்பன் அண்ணனின் மனைவி கௌரி. படகு ஒன்று, அதற்குக் கணக்கும் ஒன்று. கைப்பேசி மட்டும் இரண்டு. வீட்டில் இருக்கிற கைப்பேசியிலும் அந்தக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டால், எச்சரிக்கை வந்தால் பார்க்கலாம், கணவர் கரைக்கு வந்துவிட்டாரா என்று பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். நானே அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து திறந்து காட்டினேன். ‘உங்கள் பதிவு எண்ணுக்கு ஓடிபி அனுப்பியுள்ளோம்’ என்றது திரை. கீழே நொடிகள் மளமளவென்று குறைந்துகொண்டிருந்தன.

“எந்த நம்பருக்கு வரும்?”

“அண்ணனோட நம்பருக்கு.”

கௌரி மெல்லத் திரும்பிக் கடலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் முடிந்த கைப்பேசியோடு அண்ணன் அங்கே எங்கேயோ இருந்தார். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதுமே சிக்னல் கிடையாது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்கள் குறைந்து பூஜ்யத்துக்கு வந்து, ‘ஓடிபியின் காலம் முடிந்தது’ என்றது. எனக்கு மண்டை காய்ந்தது. கௌரியோ பொறுமையாக, மீன் வியாபாரம் பேசுகிற குரலில் கேட்டார்.

“ஐஸ் இல்லாமலே மீனு சாயந்தரம் வரைக்கும் தாங்குது. ஒங்க நம்பரு அர நிமிசம் தாங்காதா?”

விரல்

ஓடிபி வேண்டாம், விரல் ரேகை வைத்துவிடலாம் என்றான் செபாஸ்டின். ரேகை கடலுக்குப் போகாது, மறந்தும் போகாது. யோசனை எனக்கும் பிடித்திருந்தது. விரல் ரேகை பார்க்கிற கைப்பேசி ஒன்றை எடுத்துக்கொண்டு, சங்க ஆபீஸில் எல்லம்மா அக்காவைத்தான் முதலில் கூப்பிட்டேன். விரலை வைத்தார். ‘விரலைச் சுத்தம் செய்துவிட்டு மீண்டும் முயலவும்’ என்று வந்தது.

அக்கா எழுந்து போய், வெளியே குழாயில் கை கழுவிவிட்டு வந்தார். மறுபடி அதே வாசகம். ‘சோப்பு இருக்கா பாய்?’ என்று மஸ்தான் பாயிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வந்தார், வைத்தார். அதே வாசகம். அதுவரை வாய் ஓயாமல் என்னைக் கலாய்த்துக்கொண்டிருந்தவர் இப்போது கூசிப்போய், கையைப் புடவைக்குள் மறைத்தார். நான் அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஏரியின் சேறும் சிப்பியும் உப்பும் சேர்ந்து அரைத்ததில் விரல் நுனியில் ரேகையே இல்லை. வழவழவென்று இருந்தது. அதற்குச் சுத்தத்தைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தது என் கைப்பேசி. ‘அக்கா, உங்க கை சுத்தமாத்தான் இருக்கு. மிஷினுக்குத்தான் தெரியல’ என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. சோப்பைப் பாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னார்.

“இதுக்கு மேல தேச்சா வெரலே இருக்காது பாப்பா.”

ரகசியம்

கடைசியில் நாலு இலக்க ரகசிய எண் என்று முடிவாயிற்று. அவரவரே ஓர் எண்ணை வைத்துக்கொள்ள வேண்டியது. அதற்குக் கீழே, சட்டப்படி, ‘உங்கள் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று எழுதிவைத்தேன். அது எப்படி நடக்கிறது என்று பார்க்க ஏரிக்கரைக்கே போனேன். எல்லம்மா அக்கா தண்ணீருக்குள் இருந்தார். ஜெயா கரையில் இரண்டு பேருடைய செருப்புக்கும் சோற்றுத் தூக்குக்கும் கைப்பேசிக்கும் காவலாக, பறியிலிருந்த இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். விலை பார்க்க வேண்டும் போலிருக்கிறது. கைப்பேசியைத் திறந்த ஜெயா, ஏரியைப் பார்த்து, ‘அண்ணீ! நம்பரு!’ என்று கத்தினார்.

எல்லம்மா அக்கா பல்லில் கடித்திருந்த பறிக் கயிற்றை எடுத்துவிட்டு, நாலு எண்ணையும் ஒவ்வொன்றாக, தண்ணீரைத் தாண்டி, அந்தக் கரை மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் உதவிக்கு அதை இன்னொரு தடவை சொன்னார். ஜெயா போட்டார், திறந்தது, விலை தெரிந்தது. கரையேறி வந்த அக்காவிடம், ‘யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எழுதியிருந்தேனே’ என்று அழாக்குறையாகக் கேட்டேன். அவருக்கு நான் சொல்ல வருவது என்னவென்றே புரியவில்லை.

“யாராண்டையும் நான் எங்க சொன்னேன்? எங்க ஜெயாவாண்டதான சொன்னேன்.”

ரத்தா, ரத்தா?

வாடைக் காற்று பிடித்திருந்த பருவம். காலையில் கடலுக்குப் போவதாகப் பட்டனை அமுக்கிவிட்டு, அலையைப் பார்த்ததும் வேண்டாமென்று தேசப்பன் அண்ணன் மனசு மாறினார். சொன்னபடி ஒழுங்காக ஆப்பில் போய்ப் பயணத்தை நீக்கப் பார்த்தார். ‘பயணத்தை ரத்து செய்யவா?’ என்று ஆப் கேட்டது. கீழே இரண்டு பட்டன்கள். ஒன்றில் ‘சரி’, இன்னொன்றில் ‘ரத்து’. நீங்களாக இருந்தால் எதை அமுக்குவீர்கள்? அவர் ‘ரத்து’வை அமுக்கினார். அதாவது, ரத்து செய்வதை ரத்து செய்தார். வீட்டுக்குப் போனார். கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு, அணைத்தும் வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் காற்று வலுத்தது. போன படகெல்லாம் திரும்பிவிட்டது. சங்கத்துத் திரையில் ஒரே ஒரு படகு மட்டும் கடலில் இருந்தது. மஸ்தான் பாய் கூப்பிட்டுப் பார்க்கிறார், கைப்பேசி அணைந்திருக்கிறது. தேடப் போக இரண்டு படகுகளைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு, கௌரியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சட்டை வியர்த்து நனைய அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். கதவைத் திறந்தது தேசப்பன் அண்ணன். கையில் நாஷ்டா தட்டு. அந்த அலையில் போக இருந்த இரண்டு படகையும் ஓடிப்போய் நிறுத்தினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பாய் சோடா குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார்.

“ரத்தான்னு கேட்டுச்சு. ரத்துன்னேன். இதுக்கு மேல நான் இன்னா சொல்லணும் மேடம்?”

அன்றோடு பட்டன்களில் ‘ஆமா, இன்னிக்குப் போகலை’ என்றும் ‘இல்லை, போறேன்’ என்றும் மாற்றிவிட்டோம்.

காலாவதி

அந்தப் பருவத்திலேயே இன்னொரு நாள். நான் சங்க ஆபீஸில் உட்கார்ந்து எதையோ திருத்திக்கொண்டிருந்தேன். கடலுக்குப் படகுகள் போயிருந்தன. பிறகுதான் காற்று ஏறியது. முகத்துவாரத்தில் அலை புரண்டு அடிப்பதாகச் சொன்னார்கள். ஏரியும் கடலும் சேர்கிற அந்த இடத்தில் மணல் மேடிட்டிருக்கும்; அலை எழும்பினால் படகு உள்ளே வருவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருவதுதான். அப்போது கௌரியின் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தார். ‘பாய், தேசப்பண்ணன் போயிட்டாருன்னு செல்லுல வந்துக்குது, கௌரி விழுந்து பொரள்றா!’

எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. வாசல் முழுக்கப் பெண்கள். கௌரி தலைவிரி கோலமாக மண்ணில் உட்கார்ந்திருந்தார். கைப்பேசியை யாரோ என்னிடம் நீட்டினார்கள். ‘தேசப்பன்: அமர்வு காலாவதியாகிவிட்டது.’

அது நான் எழுதிய வாசகம் இல்லை. நாங்கள் வெளியே ஆயத்தமாக வாங்கிச் சேர்த்த ஒரு மென்பொருள் பொதிக்குள் ஒளிந்திருந்தது. ஆப்பைப் பல நாள் திறந்தே வைத்திருந்தால் மட்டும் வெளியே வரும். அதனால் அதுவரை எங்கள் கண்ணில் படவேயில்லை. அதை அப்போது யாரிடம் சொல்வது? ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால் எக்ஸ்பயர் ஆகிவிட்டார் என்கிறார்கள். எக்ஸ்பயர் என்றால் காலாவதி என்று மாத்திரை அட்டையைப் பார்த்துக் கௌரிக்குத் தெரியும். கணவர் பெயர் இருக்கிறது, பக்கத்தில் காலாவதி இருக்கிறது. வெளியே காற்று வீசுகிறது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, இது உள்ளே போன நேரம் முடிந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்கிறது, அண்ணனைப் பற்றி இதற்கு ஒன்றுமே தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவரிடமே ரகசிய எண்ணைக் கேட்டுப் போட்டுத் திறந்தும் காட்டினேன். கௌரி அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். ‘அப்ப அவரு எங்க?’ என்றார். திறந்த திரையில் படகு இன்னும் கடலில்தான் இருந்தது.

எல்லாரும் கரைக்குப் போனோம். முகத்துவாரத்துக்கு வெளியே படகுகள் கறுப்புப் புள்ளிகளாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அலை தணியக் காத்திருக்கிறார்கள் என்றார் மஸ்தான் பாய். எது யாருடையது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. கௌரி என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவேயில்லை. என் தொழிலில் இதுவரை யாரும் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை. ஓர் அலை முடிந்து அடுத்தது எழுவதற்குள் ஒவ்வொரு படகாக விருட்டென்று உள்ளே வந்தது. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, எல்லாரும் ‘ஐயோ’ என்பதற்குள் நிமிர்ந்தது. நிமிர்ந்ததும் கௌரியின் பிடி தளர்ந்தது. அவர் கண்டுகொண்டுவிட்டார்.

தேசப்பன் அண்ணன் சொட்டச் சொட்ட இறங்கினார். கூடியிருந்த கூட்டத்தையும், மனைவியின் அவிழ்ந்த தலையையும் பார்த்து அவருக்கு முகம் வெளுத்துப்போனது. ‘யாரு? யாரு போய்ட்டது?’ என்றார். கௌரி நேரே போய் அவர் நெஞ்சில் இரண்டு குத்து விட்டுவிட்டு, அங்கேயே சாய்ந்துகொண்டு அழுதார். கூட்டத்திலிருந்து யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். அண்ணன் கைப்பேசியை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். என்னைத் தேடினார். நான் பாய்க்குப் பின்னால் நின்றிருந்தேன்.

“செத்த எனக்கே ஒரு வார்த்த சொல்லாம, ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு கீதே மேடம் இது!”

பூட்டுக்கு வெளியே

மறுநாள் செபாஸ்டின் தானாகவே பழவேற்காட்டுக்கு வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி, முகத்துவாரம் எந்தப் பக்கம் என்று கேட்டு, கொஞ்ச நேரம் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காலாவதியை நீக்கி, ‘பல நாளாகத் திறந்தே இருந்ததால் பூட்டிவைத்திருக்கிறோம். உங்க எண்ணைப் போட்டுத் திறங்க’ என்று நான் ஏற்கெனவே எழுதியிருந்தேன். அதைக் காட்டத்தான் கௌரி வீட்டுக்குப் போனோம். கௌரி படித்துவிட்டு, ‘நல்லாத்தான் கீது. ஆனா வந்தாரா வரலையான்னு பாக்க நான் எதுக்குப் பூட்டத் திறக்கணும்?’ என்றார். எனக்குப் பதில் தெரியும். எல்லாரிடமும் சொல்கிற பதில்தான். அதைச் செபாஸ்டின் சொன்னான்: லாகின் இல்லாமல் யாருக்கும் எதையும் காட்டக்கூடாது, பாதுகாப்பு.

தேசப்பன் அண்ணன் வலை தைப்பதை நிறுத்தாமலே சொன்னார்: ‘இந்தாண்ட பாரு நைனா. எங்க வலை போட்டேன்னு எவனுக்கும் காட்டிடாத, அது என் பொழப்பு. கரைக்கு வந்தேனா இல்லையான்னு ஊருக்கே தெரியட்டும், இன்னா போச்சு?’ செபாஸ்டின் என்னைப் பார்த்தான். வாதம் செய்யப்போகிறான் என்று நினைத்தேன். அவன் மடிக்கணினியைத் திறந்து, அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்தான். மற்ற படகுக்காரர்களிடமும் பாய் கேட்டார், ஒருவரும் மறுக்கவில்லை. எண் போடுவதற்கு முன்னாலேயே, முதல் திரையிலேயே, படகின் பெயரும் நிலையும் வந்துவிடும் என்று ஆயிற்று.

வந்தவருக்கு ‘கரைக்கு வந்துட்டார்’. வராதவருக்கு நான் ‘இன்னும் திரும்பவில்லை’ என்று எழுதிக் காட்டினேன். சின்ன வாசகம், தெளிவான வாசகம். பயிற்சி வகுப்பில் கொடுத்தால் கைதட்டு வாங்கும். கௌரி தலையை ஆட்டினார். ‘இல்லன்னு எழுதாத. அவரு அப்ப எங்க இருப்பாரு?’ என்றார். ‘கடல்லதான்’ என்றேன். ‘அதையே எழுது.’ இரண்டும் ஒன்றுதானே என்று செபாஸ்டின் மெதுவாகக் கேட்டான். கௌரி அவனிடம் கோபப்படவில்லை. ஒரு சொம்பு தண்ணீரை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்.

“கடல்ல கீறாருன்னா நான் சோறு வடிப்பேன் தம்பி. திரும்பலைன்னா என்னால அடுப்புகூடப் பத்த வைக்க முடியாது.”

திரையில் நாம் எழுதுவதை யாருமே படிப்பதில்லை என்று எங்கள் தொழிலில் எல்லாரும் அலுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு எழுத்தையும் படித்து, பதிலும் சொல்கிற ஊரில் மாட்டிக்கொண்டவளுக்கு அப்படி அலுத்துக்கொள்கிற கொடுப்பினைகூட இல்லை.